நிறுவல் எதற்கு என்பார்க்கு

கணனி நொடிப்பொழுதில் விடை தரும் இக்காலத்தில், எண்களின் இயல்புகளை நிறுவிக்கொண்டிருத்தல் வீண்வேலை என்பார் நம்மிடையே பெருகி வருகின்றனர். மாணவர் மட்டுமன்றிக் கற்பிப்போரிற் சிலரும் இதனை வழிமொழிகின்றனர். புதுமைக் கருத்தெனத் தோன்றும் இது, சோம்பலுக்கு உடுத்திய புத்தாடையே. 4294967297 என்னும் ஓர் எண்ணைக் கொண்டே இதனை மறுக்கலாம்.

2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டப் பெறுவது இவ்வெண். இவ்வரிசையில் இதற்கு முன்வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள். இனி வருவனவும் அவ்வாறே அமையுமென 1640ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித மேதை பேர்மா நம்பினார். ஐந்து எடுத்துக்காட்டுகளும் ஒரு மேதையின் பெயரும் ஒன்றுசேர்ந்தும் அந்நம்பிக்கை உண்மையாகிவிடவில்லை. 1732இல் ஒயிலர், இவ்வெண் 641 × 6700417 எனப் பிரிவதைக் காட்டினார்.

கண்மூடி வகுத்துச் செல்வோன், இதன் வர்க்கமூலத்துக்கு உட்பட்ட 6542 முதன்மை எண்களையும் சோதிக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஒயிலர் நிறுவிய தேற்றமோ, இதன் முதன்மைக் காரணி எதுவாயினும் 64ஆல் வகுக்க 1 மீதியாகும் என்கிறது. அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. ஐந்தாம் முயற்சியிலேயே காரணி அகப்படுகிறது. 6542ஐ ஐந்தாகச் சுருக்கியது எந்த இயந்திரம்?

641 ஏன் இதனை வகுக்கிறது என்பதற்கும் காகிதமும் பென்சிலும் போதும். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுக்கையில் 5 × 2⁷ என்பது −1க்குச் சமானம். அதன் நான்காம் வலுவாகிய 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமானம். மேலும் 641 = 5⁴ + 2⁴ ஆதலின், 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இடலாம். அப்போது −2³² என்பது 1க்குச் சமானமாகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். விடையை அச்சிட்டுத் தரும் கணனித் தாளில் இந்தக் காரணம் இராது.

இது சிற்றெண், பேரெண்களுக்குக் கணனியே கதி என்பாரும் உளர். நன்று. இவ்வரிசையின் 24ஆம் பேர்மா எண் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களை உடையது. அது சேர்த்தி எண்ணென 1999இல் கணனி கொண்டு காட்டப்பட்டபோது காரணி எதுவும் காட்டப்படவில்லை. பின் எவ்வாறு அறிந்தனர்? 1877இல் பெப்பின் என்பார் நிறுவிய சோதனையைக் கொண்டே அறிந்தனர். இயந்திரம் உழைத்தது, எதனைக் கணிப்பது, வந்த விடைக்கு என்ன பொருள் என்பவற்றை உரைத்தது தேற்றமே.

ஆதலின், நிறுவலைப் பாடத்திட்டத்தினின்று நீக்கக் கோருவோர் கணனிக்கும் நன்மை செய்பவரல்லர். விரிவுரையாளர் விடைக்கன்றிக் காரணத்துக்குப் புள்ளி வழங்குக. மாணவரோ, குறிப்பேட்டில் எழுதப்பட்டது என்பதற்காக எதனையும் ஏற்காதிருப்பாராக. பேர்மாவின் சொல்லையே சோதித்துப் பார்த்த துறை இது. நமது குறிப்பேடுகள் அதனினும் பெரியன அல்ல.