ஆய்வு என்ற போர்வையும் கரையோர மக்களின் உரிமையும்

கிரீன்லாந்தை விலைக்கு வாங்க விரும்புவதாக அமெரிக்காவின் டொனால்ட் ட்ரம்ப் 2019இல் கூறியபோது, உலகம் அதனை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டது. ஆனால், அந்நோக்கத்துக்காகப் படைபலத்தைப் பிரயோகிக்கும் சாத்தியத்தை நிராகரிக்க 2025 ஜனவரியில் அவர் மறுத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. டென்மார்க்கின் இறைமைக்குட்பட்ட அப்பனித்தீவு, வல்லரசுகளின் கண்ணில் மீண்டும் ஒரு படைத்தளமாகவே தென்படுகின்றது.

அட்டாளைச்சேனையிலும் கல்முனையிலும் வாழும் எமக்கும் அந்தப் பனிப்பாளத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு இருக்கின்றது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகுமாயின் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீற்றர் உயரும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்ததை ஒரு காலைப்பொழுதில் கண்டவர்கள் நாம். ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு கடலில் சாய்வதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் நாமே. எனவே, துருவப் பனியில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பதற்கு இக்கரைக்கு முழு உரித்துண்டு.

1951இல் டென்மார்க்குடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் பேரில், கிரீன்லாந்தின் வடமேற்கே தூலே விமானத்தளத்தை அமெரிக்கா அமைத்தது. பனிப்பரப்பில் படையினரும் பொருட்களும் நகர்வது எவ்வாறு என்பதைப் பரீட்சிக்கும் களமாக அப்பிரதேசம் மாறியது. பாரமான சறுக்குவண்டிகளை இழுத்துச் செல்லும் இயந்திரத் தொடர்களும், இராட்சதச் சக்கரங்கள் பூட்டிய தரைத் தொடர்வண்டிகளும் அங்கு ஓட்டிப் பார்க்கப்பட்டன. 1959இல் பனிக்கு அடியிலேயே 'கேம்ப் செஞ்சுரி' எனும் முகாம் தோண்டப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் தங்கக்கூடிய அச்சுரங்க முகாமுக்கு ஒரு சிறு அணு உலை மின்சாரம் வழங்கியது. இது விஞ்ஞான ஆய்வு நிலையம் என்றே உலகுக்குச் சொல்லப்பட்டது.

உண்மை 1997இல்தான் வெளிவந்தது. பனியின் அடியில் சுமார் 4,000 கிலோமீற்றர் நீளச் சுரங்கங்களை அமைத்து, 600 அணு ஏவுகணைகளை இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைக்கும் 'ஐஸ்வேர்ம்' திட்டத்துக்கான முன்னோட்டமே அது என்பதை டென்மார்க்கில் வெளியான விசாரணை அறிக்கை அம்பலப்படுத்தியது. ஆனால் பனி எவருடைய கட்டளைக்கும் அடங்கவில்லை. அது அசைந்துகொண்டே இருந்தது, சுரங்கங்கள் நெளிந்தன. திட்டம் கைவிடப்பட்டு 1967இல் முகாமும் மூடப்பட்டது. அணு உலையை எடுத்துச் சென்றவர்கள் ஏனையவற்றை விட்டுச்சென்றனர். சுமார் 9,200 தொன் கட்டடப் பொருட்களும் 2 இலட்சம் லீற்றர் டீசலும் அங்கு புதைந்து கிடப்பதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்நூற்றாண்டு முடியுமுன் உருகுநீர் அக்கழிவுகளை எட்டாது என்று பின்னைய ஆய்வொன்று கூறுவது ஆறுதல்தான். ஆயினும், எட்டும் நாளில் பொறுப்பாளி யார் என்ற கேள்வி அப்படியே நிற்கின்றது.

அப்பனியில் மனிதரும் வாழ்ந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. தளத்தை விஸ்தரிப்பதற்காக 1953இல் அங்கிருந்த இனுகுய்ட் பழங்குடியினர் சில நாள் அவகாசத்தில் வடக்கே 100 கிலோமீற்றருக்கும் அப்பால் பெயர்க்கப்பட்டனர். டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கோர 1999 வரை செல்ல வேண்டியிருந்தது. 2003இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் நட்டஈட்டை ஏற்றுக்கொண்டதே தவிர, மண்ணுக்குத் திரும்பும் உரிமையை வழங்கவில்லை. 1990இல் வடக்கிலிருந்து ஒரு சமூகமே வெளியேற்றப்பட்டதைக் கண்ட எமக்கு, இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

எனினும், சீருடையணிந்தோர் செய்யும் ஆய்வு அனைத்தும் தீயது என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. அதே முகாமில் 1966இல் சுமார் 1,390 மீற்றர் ஆழம் வரை துளைத்து எடுக்கப்பட்ட பனித்தண்டுதான், பூமியின் பழைய காலநிலையை வாசிக்கும் வழியைத் திறந்தது. அதன் அடியில் இருந்த மண்ணை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடம் பனியின்றி இருந்தது என்று 2023இல் அறிவித்தனர். கிரீன்லாந்துப் பனி நிலையானதல்ல என்ற எச்சரிக்கை எமக்குக் கிடைத்தது அவ்வழியில்தான்.

அந்தாட்டிக்காவின் அனுபவம் வேறு. அங்கு சென்ற முதலாவது இந்திய ஆய்வுக்குழு, கடலியல் அறிஞர் எஸ். இஸட். காஸிம் தலைமையில் 1982 ஜனவரியில் கரையிறங்கியது. 1983-84இல் இந்திய இராணுவத்தினரின் உழைப்போடு தக்ஷிண் கங்கோத்ரி நிலையம் எழுந்தது. அதனையும் பனி மூடியது. 1990இல் அது கைவிடப்பட்டது. ஆயினும் அங்கு ஏவுகணைக் கனவு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 1959இன் அந்தாட்டிக்க உடன்படிக்கை, படையினரை ஆய்வுக்கு அனுமதித்து, இராணுவ நடவடிக்கையைத் தடுக்கின்றது. எந்த நிலையத்தையும் ஏனைய உறுப்பு நாடுகள் சோதனையிடலாம். ஆய்வு முடிவுகள் பகிரப்பட வேண்டும். அணுக்கழிவை அங்கு விடமுடியாது. அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தில் இயங்கிய அணு உலை 1972இல் நிறுத்தப்பட்ட பின், மாசடைந்த மண்ணும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே கொண்டுசெல்லப்பட்டது. அதே வல்லரசு, இரு துருவங்களில் இரு நடத்தைகள். வேறுபாட்டுக்குக் காரணம் நல்லெண்ணமன்று, எழுதப்பட்ட விதியே.

இப்பாடம் எமது கடலுக்கும் பொருந்தும். 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது, அது ஆய்வுக் கப்பலா, வேவுக் கப்பலா என்று புதுடில்லியும் பீஜிங்கும் வாதிட்டன. கொழும்பு இருபுறமும் திரும்பித் தடுமாறியது. இறுதியில், 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது எளிதான வழி, நல்ல வழியன்று. 2025இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் மீன்வள ஆய்வுக் கப்பலான 'டாக்டர் பிரிட்யோஃப் நான்சன்' வரவிருந்த வேளையிலும், நடைமுறை விதிகள் பூர்த்தியாகவில்லை என்ற காரணத்தால் அந்த ஆய்வு கைநழுவிப் போனது. 1888இல் கிரீன்லாந்துப் பனியைச் சறுக்குப்பலகையில் முதன்முதலாகக் கடந்தவரின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. ஏவுகணை தேடும் கப்பலுக்கும் மீன் எண்ணும் கப்பலுக்கும் வேறுபாடு காணத் தெரியாமையின் நட்டம், வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை கடலை நம்பி வாழும் குடும்பங்களின் தலையிலேயே விழுகின்றது.

வேறுபாடு காண்பது கடினமன்று. இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. கடற் சட்ட சமவாயம், எமது பொருளாதார வலயத்தில் ஆய்வு நடத்த எமது சம்மதம் வேண்டும் என்கின்றது. ஆய்வில் எமது விஞ்ஞானிகள் பங்கேற்கவும், தரவுகளைப் பெறவும் உரிமையளிக்கின்றது. அவ்வுரிமைக்கு உள்நாட்டில் தெளிவான சட்ட வடிவம் கொடுப்பதே அரசாங்கத்தின் கடமை. நோக்கம் யாது, தரவு யாரிடம் சேரும், சேதத்துக்கு யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் எக்கொடியுடைய கப்பலிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டும். விடைகள் கரையோர மக்களுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்பட வேண்டும். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற எமது பிரதேச நிறுவனங்களுக்கும் இவ்வாய்வுகளில் இடமளிக்கப்பட வேண்டும்.

ஒலுவில் துறைமுகத்தை இங்கு நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. அதே டென்மார்க்கின் கடனுதவியுடன் அமைந்து 2013இல் திறக்கப்பட்டது அது. கடலரிப்பு பற்றி மீனவர்கள் எழுப்பிய குரல், கரை கரைந்த பின்னரே மேலிடங்களில் கேட்டது. முன்கூட்டிக் கேட்கப்படாத கேள்விக்கு, பின்னர் கரையிலுள்ளவர்களே விலை செலுத்துகின்றனர். கிரீன்லாந்தின் இனுகுய்ட் மக்கள் அவ்விலையைச் செலுத்தி முடித்துவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. எமது கேள்விகளை, அடுத்த கப்பல் நங்கூரமிடுவதற்கு முன்னரே நாம் கேட்டுவிட வேண்டும்.