‘தாங்கிக்கொள்ளுங்கோ’ என்றது ஒரு மருந்து இல்லை

மஹரகமவிலிருந்து புறக்கோட்டைக்கு வாற 138 பஸ்ஸில் பின்னேரத்தில் ஏறிப் பாருங்கள். ஜன்னல் பக்கமாக ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் ஒரு சொப்பிங் பேக்கை விரித்து வைத்திருப்பார். பக்கத்தில் இருக்கிற ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பி நிற்பார். நாங்களும் அப்படி எழும்பி நின்றவர்கள்தான். கீமோ ஏற்றிக்கொண்டு வாற அந்த மனிசருக்குப் பயணம் புறக்கோட்டையோடு முடியாது. வெயிலில், டீசல் புகையில், குறுக்குத் தெருக்களின் கருவாட்டு மணத்தில் நின்று, பிறகு மன்னாருக்கோ ஹட்டனுக்கோ இன்னொரு பஸ் பிடிக்க வேணும்.

அவரைப் பார்த்து எங்கட சமூகம் சொல்வது ஒரே வசனம்: ‘புற்றுநோய் என்றால் சத்தி வரத்தான் செய்யும், தாங்கிக்கொள்ளுங்கோ.’ இது ஆறுதல் இல்லை. இது கைகழுவல்.

முதலில் எங்கட குற்றத்தைச் சொல்கிறோம். எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவுக்குக் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கியது. வீட்டுக்கு மூன்று வகைக் குளிசை கொடுத்துவிட்டார்கள். ஒன்றின் பெயர் ஒலன்சபின். கம்பஸில் படிக்கிற எங்கட ஆள் அதை கூகுளில் தேடினாள். ‘மனநோய்க்கான மருந்து’ என்று வந்தது. உடனே வீடே கூடிக் கதைத்தது. ‘அவவுக்கு என்ன விசரா?’ குளிசை அலுமாரிக்குள் போனது, இஞ்சித் தேத்தண்ணி அடுப்பில் ஏறியது. பெரியம்மா ஐந்து நாள் சத்தி எடுத்தா. இரண்டாவது முறை முடிய, ‘பிள்ளை, நான் இனி ஊசிக்குப் போகமாட்டன். செத்தாலும் பரவாயில்லை’ என்றா.

அவவைத் தோற்கடிக்கப் பார்த்தது புற்றுநோய் மட்டும் இல்லை. அரைகுறையாய்ப் படித்த நாங்களும்தான்.

ஒலன்சபின் மனநல மருந்துதான், அதில் பொய்யில்லை. ஆனால் சத்தியைத் தூண்டுகிற பல சமிக்ஞைகளை மூளையில் தடுப்பதும் அதே குளிசைதான். 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 380 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. வழமையான மூன்று மருந்துகளோடு இதையும் சேர்த்தபோது, ஐந்து நாளும் குமட்டலே இல்லாமல் இருந்தவர்கள் 100க்கு 37 பேர். சேர்க்காத பக்கம் 22 பேர். மாயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் எத்தனை பெரியம்மாக்கள் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

சத்தி ஏன் வருகிறது? கீமோ மருந்து குடலில் இருக்கிற சில கலங்களைத் தாக்க, அவை செரடோனினைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியாக மூளையைத் தட்டுகிறது. அந்த வாசலை அடைக்கிற ஒண்டான்செட்ரோன் 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சத்தியைத் தடுக்கிற மருந்து இல்லாமல் சிஸ்பிளாட்டின் ஏற்றினால் கிட்டத்தட்ட எல்லாருமே சத்தி எடுப்பார்கள். ஆக, ‘தாங்கிக்கொள்ளுங்கோ’ என்ற அறிவுரைக்கு முப்பது வருசத்துக்கு மேல் வயசு போய்விட்டது.

முதல் நாளோடு இது முடிவதும் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வேறு வழியால் குமட்டல் வரும். அதற்குத்தான் டெக்சாமெதசோன் போன்ற மற்றக் குளிசைகள். ‘சத்தி வந்தால் போடுவம்’ என்று காத்திருந்தால் பிந்திவிடும். எழுதித் தந்த குளிசையை, எழுதித் தந்த நேரத்துக்குப் போட வேணும். முதல் தடவையே கட்டுப்படுத்தாமல் விட்டால் மூன்றாவது வகையும் வரும்: ஆஸ்பத்திரிப் படியைக் கண்டாலே குமட்டல். மணிச் சத்தத்துக்கு வாயூறிய பாவ்லோவின் நாயைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நாங்கள், அதே பாடம் ஒரு மனிசியின் வயிற்றில் நடப்பதைக் கண்டுகொள்ளவில்லை.

இஞ்சியை நாங்கள் திட்டவில்லை. காபோஸ் லேனில் மூலிகை வாங்குகிற சனத்தையும் கேலி செய்யவில்லை. இஞ்சி, ஆறின சோறு, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாப்பாடு, பொரிக்கிற மணத்தைத் தள்ளி வைப்பது எல்லாம் குளிசையோடு சேர்த்துச் செய்யலாம். குளிசைக்குப் பதிலாக இல்லை. அதோடு தண்ணிகூட வயிற்றில் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்.

குற்றம் வீட்டோடு நிற்கவில்லை. 2022இல் நாட்டில் டொலர் முடிந்தபோது மருந்தும் முடிந்தது. ‘வெளியில வாங்குங்கோ’ என்ற துண்டோடு சனம் பாமசி பாமசியாக அலைந்தது. மருந்து குறைகிற காலத்தில் சத்திக் குளிசையை ‘சின்னது’ என்று யாரும் பட்டியலின் அடியில் தள்ளக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒண்டான்செட்ரோனும் டெக்சாமெதசோனும் இருக்கின்றன. அத்தியாவசியம் என்றால் அத்தியாவசியம்தான்.

இந்த நாட்டு மக்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். மஹரகமவுக்கு ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் இன மதம் பார்க்காமல் காசு கொடுத்தார்கள். கட்டடமும் இயந்திரமும் கண்ணுக்குத் தெரிகிறது. சத்தியை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை, அதனால் அதற்கு நடைபயணமும் இல்லை.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. எந்தக் குளிசை, எத்தனை நாள், எதற்கு, எப்போது திரும்பி வர வேணும் என்ற நாலு வரி, நோயாளியின் மொழியில், எழுத்தில் வேணும். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அது மருந்து உறையிலும் இருக்கட்டும். ஒவ்வொரு கிளினிக்கிலும் ‘போன முறை எத்தனை தரம் சத்தி எடுத்தீங்கள்?’ என்று கேட்கட்டும். கேட்காவிட்டால் நாங்களே சொல்லுவோம். சொன்னால்தான் மருந்தை மாற்ற முடியும்.

பெரியம்மாவிடம் மூன்றாவது முறைக்கு முதல் ஒரு தாதி கேட்டா: ‘வீட்டில குளிசை எல்லாம் போட்டனீங்களா?’ பெரியம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தா. நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். அந்த முறை குளிசை அலுமாரிக்குப் போகவில்லை. குமட்டல் முழுசாகப் போகவும் இல்லை. நித்திரைதான் கூடிவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம் எழும்பி வந்து, ‘கொஞ்சம் சோறு போடு பிள்ளை’ என்றா. நாலாவது ஊசிக்கும் போனா.