கப்பலைத் தகர்த்தவன் யார்?

கிரகத்துக்குக் கிரகம் கப்பல் ஓடுகிற காலம் வந்தால், அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றுகிறவன் யார்? அவன் கை போனால் நஷ்ட ஈடு தருவது யார்? கப்பலே தகர்ந்து போனால் பழியை யார் தலையில் கட்டுவார்கள்?

விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் பலவும் இந்தக் கேள்விகளின் பக்கம் போவதில்லை. ராக்கெட்டின் வேகத்தையும் வேற்றுலக மிருகத்தின் பல்லையும் வர்ணிப்பதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘லெவையதன் வேக்ஸ்’ என்ற நாவல் இந்தக் கேள்விகளைக் கேட்கிறது. டேனியல் ஆப்ரஹாம், டை ஃபிராங்க் என்ற இருவர் ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்ற ஒரே புனைபெயரில் எழுதியது. நூல் ஆங்கிலத்தில் இருப்பதால் கதையையும் சொல்லி, என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

காலம், இன்றிலிருந்து சில நூறு வருஷங்களுக்குப் பின். பூமி ஒரு வல்லரசு, செவ்வாய் ஒரு வல்லரசு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் பாறைக் கூட்டத்தில் கோடிக்கணக்கான உழைப்பாளிகள் குடியிருக்கிறார்கள். தாது வெட்டுவது, கப்பல் ஓட்டுவது, துறைமுகத்தில் சரக்கு இறக்குவது அவர்கள் தொழில். ஈர்ப்புச் சக்தி குறைந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்ததால் நெட்டையாக, மெலிந்து இருப்பார்கள். பூமிக்காரன் பார்த்தவுடனே இன்னாரென்று கண்டுகொள்வான்.

அங்கே மழை கிடையாது. சுவாசிக்கக் காற்றும் கிடையாது. சனி கிரகத்தின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி வந்து சேர்ந்தால்தான் தண்ணீர். அதைக் கொண்டுவருவது ஒரு தண்ணீர்க் கம்பெனி. அதன் கப்பல்களில் ஒன்று ‘கான்டர்பரி’. ஒரு காலத்தில் குடியேறப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற கப்பல். கிழடு தட்டிய பிறகு பனிக்கட்டி சுமக்கிறது.

கதை தொடங்கும்போதே பாஜ் என்ற தொழிலாளி வேலையில் ஒரு கையை இழந்து படுத்திருக்கிறான். போன கையை மீண்டும் வளரச் செய்யும் மருந்து அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் கம்பெனியின் வைத்தியத் திட்டத்தில் அது சேராது. பொய்க்கைதான் கிடைக்கும். விஞ்ஞானம் கையை வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது, கணக்குப்பிள்ளை கூடாதென்கிறார். கிரகப் போக்குவரத்தின் முதல் அபாயத்தை நாவலாசிரியர்கள் இங்கேயே காட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது அபாயம் காற்றில் இருக்கிறது. ஆண்டர்சன் நிலையம் என்ற இடத்தில் முன்பு நடந்த சம்பவம் ஒன்று கதையில் வருகிறது. அங்கே சரக்குக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். பூமியில் உட்கார்ந்து பார்த்தால் அற்பத் தொகை. காற்றையும் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அது மூச்சில் கை வைப்பது. ஜனங்கள் நிலையத்தைக் கைப்பற்றினார்கள். பேசித் தீர்க்க யாரும் வரவில்லை, பட்டாளம்தான் வந்தது.

மூன்றாவது அபாயம்தான் கதையின் உயிர். நடுவழியில் ஒரு கப்பலிலிருந்து ஆபத்துச் செய்தி வருகிறது. அருகிலுள்ள கப்பல் உதவிக்குப் போகவேண்டும் என்பது சட்டம். கான்டர்பரி போகிறது. துணைத் தலைவன் ஹோல்டனும் நால்வரும் சிறு படகில் இறங்கிப் போய்ப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை. அந்தச் சமயத்தில் மறைந்திருந்த கப்பல் ஒன்று கான்டர்பரியை அணுகுண்டால் தகர்த்துவிடுகிறது. கூட வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் சாம்பல்.

ஆபத்துச் செய்தி அனுப்பிய கருவியில் ஒரு பாட்டரி இருக்கிறது. அதில் செவ்வாய்ப் படையின் முத்திரை. ஹோல்டன் இதை எல்லா நிலையங்களுக்கும் ஒலிபரப்பிவிடுகிறான். தண்ணீர்க் கப்பலைச் செவ்வாய்க்காரன் கொன்றான் என்று பாறை உலகமே கொதிக்கிறது. சீரஸ் நகரில் கலவரம். வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன் என்பதற்காகவே தெருவில் போகிறவனை அடிக்கிறார்கள். யுத்தம் மூள்கிறது.

உண்மையில் தகர்த்தது யார்? புரோட்டோஜென் என்ற பெரும் கம்பெனி. பாட்டரி அவர்கள் வைத்த பொறி. சனியின் துணைக்கோள் ஒன்றில் கிடைத்த விபரீதப் பொருளை மனித உடலில் பரிசோதிக்க அவர்களுக்கு ஒரு நகரம் தேவைப்பட்டது. அது முடியும்வரை உலகத்தின் கண் வேறு பக்கம் இருக்கவேண்டும். ஈராஸ் என்ற பாறையில் வாழும் 15 லட்சம் பேர் அந்தப் பரிசோதனைக்குப் பலி. துறைமுகத்தை மூடிவிட்டு, கதிர்வீச்சு அபாயம் என்று சொல்லி, போலீஸ் உடை போட்ட அடியாட்கள் ஜனங்களைப் பாதுகாப்பு அறைகளில் அடைக்கிறார்கள். அந்த அறைகளே கொலைக்களம்.

இதெல்லாம் அதீதக் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? 1964 ஆகஸ்ட் 4-ம் தேதி டோங்கின் வளைகுடாவில் தன் போர்க்கப்பல்களை வியட்நாமியர் இரண்டாம் முறை தாக்கியதாக அமெரிக்கா அறிவித்தது. மூன்றே நாளில் அமெரிக்க நாடாளுமன்றம் யுத்தத்துக்கு வழிவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அன்று அப்படியொரு தாக்குதல் நடக்கவேயில்லை என்பதை அமெரிக்க உளவு நிறுவனத்தின் சொந்த ஆவணங்களே 2005-ல் வெளிவந்து காட்டின. அதற்குள் லட்சக்கணக்கான உயிர்கள் போய்விட்டன.

துறைமுகக் கதவு மூடப்படுவதும் கதையல்ல. 2020-ல் கொரோனா பரவியபோது, ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் உலகக் கடல்களில் சிக்கிக் கிடந்தார்கள். அவர்கள் சுமந்த சரக்கு கரை இறங்கியது. அவர்கள் இறங்க முடியவில்லை.

நாவலின் குறையையும் சொல்லவேண்டும். மர்மத்தை அவிழ்ப்பவர்கள் ஒரு கப்பல் அதிகாரியும் மில்லர் என்ற துப்பறிவாளனும். சீரஸில் போலீஸையே ஒரு கம்பெனி குத்தகைக்கு நடத்துகிறது. மில்லர் அதன் சம்பளக்காரன். இந்த இருவரின் மனப் போராட்டத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. ஆயிரமாயிரம் துறைமுகத் தொழிலாளிகளோ கலவரக் கூட்டமாக வருகிறார்கள், பிணமாகக் கிடக்கிறார்கள். பனிக்கட்டி ஏற்றுகிறவர்கள் கூடிப் பேசி, எங்கள் கப்பல் போனதால் யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்க்கும் காட்சி கதையில் மையமாக அமையவில்லை. அப்படி ஒரு கூட்டம் சீரஸ் துறைமுகத்தில் கூடியிருந்தால் புரோட்டோஜென்னின் சூழ்ச்சி அவ்வளவு சுலபமாகப் பலித்திருக்காது.

ஹோல்டனின் ஒலிபரப்பும் யோசிக்கத் தக்கது. அவன் பொய் சொல்லவில்லை. பாட்டரியில் முத்திரை இருந்தது நிஜம். ஆனால் அதை அங்கே வைத்தவன் யார் என்று தெரியாமல் சொன்ன நிஜம், பொய்யனின் வேலையைச் செய்து முடித்தது.

நமக்கும் செய்திகள் வருகின்றன. ரயில் கவிழ்ந்தது, ஆலை எரிந்தது என்று வரும்போதே, செய்தவன் இன்ன சாதி, இன்ன மதம், இன்ன தேசம் என்ற முத்திரையும் சில சமயம் கூடவே வருகிறது. கையில் கல்லை எடுக்குமுன், அந்த முத்திரையை ஒட்டியவன் யார் என்று விசாரியுங்கள்.

ஆங்கிலம் படித்த இளைஞர் யாராவது சங்க வாசகசாலையில் இந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லலாம். கேட்கிறவர்களுக்குச் சீரஸ் துறைமுகம் அந்நிய ஊராகத் தோன்றாது.