போர்க்களமும் சிறுவர் உள்ளமும்

சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த ஊர் தம்மம்பட்டி. சுவேத நதியையும் மரச்சிற்பக் கலையையும் தனக்குரிய செல்வங்களாகக் கொண்டது அவ்வூர். அங்கு வாழும் சிறுவர்க்குக் கொல்லிமலை நாளும் காணும் காட்சியாகும். அம்மலை தேனும் பலாவும் தரும் வளமுடையது என்பதை அவர்கள் இளமையிலேயே அறிவர். அம்மலையின் பொருட்டு ஒரு மன்னன் உயிர் துறந்தான் என்னும் செய்தியை அவர்களுக்கு எவ்வாறு கூறுவது? இவ்வினா எண்ணிப் பார்த்தற்குரியது.

இளஞ்சிறார்க்குப் போரைப் பற்றிக் கூறுதலே தகாது என்பர் சிலர். வெற்றியை மட்டும் எடுத்துரைத்தால் வீரம் வளரும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழுமையான கருத்துகள் ஆகா. மறைக்கப்பட்ட செய்தியைச் சிறுவர் வேறு வழியாக அறிவர். அவ்வாறு அறிவது பெரும்பாலும் திரிந்த வடிவிலேயே அமையும். வெற்றியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளையோ, தோற்றவனும் மனிதனே என்பதை மறந்துவிடும். ஆதலின், போரின் வரலாற்றைச் சிறுவர்க்குக் கூறுதல் வேண்டும். முழுமையாகக் கூறுதல் வேண்டும் என்பதே பொருத்தமான முடிபாகும்.

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. திருக்கோவலூரை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். சிறுவர் உள்ளத்தைக் கவர்வதற்கு இச்செய்தி ஒன்றே போதும். ஓரி எய்த ஓர் அம்பு யானை முதலாகப் பல விலங்குகளை ஊடுருவிச் சென்றது எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். இதனைப் புலவரின் புகழுரை என்று சொல்லியே குழந்தைகளுக்குக் கூறுதல் வேண்டும். புகழுரை வேறு, நிகழ்ச்சி வேறு என்னும் தெளிவே வரலாற்றுக் கல்வியின் முதற்படியாகும்.

காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரர்க்கு அளித்தான் என்கிறது அகநானூறு. வென்ற காரி ஓரியின் பெருந்தெருவிற் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். தம் மன்னனை இழந்த ஊரின் குரல் அவ்வுவமையில் இன்றும் ஒலிக்கின்றது. ஆசிரியர் இவ்விடத்தில் சற்றே நிறுத்தி, “அன்று அத்தெருவில் வாழ்ந்த சிறுவர் என்ன எண்ணியிருப்பர்?” என்று வினவுதல் நன்று. ஆயிரம் வாட்களின் எண்ணிக்கையினும் இவ்வொரு வினா பிள்ளைகளின் நெஞ்சில் ஆழப் பதியும்.

பகை அத்துடன் நின்றுவிடவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, காரியின் கோவலூரை வென்றான். அந்தத் தகடூரைச் சேரமன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். ஓரியும் காரியும் அதியமானும் கடையெழு வள்ளல்கள் வரிசையில் இடம்பெற்றவர்கள். இரவலரை எதிர்கொண்டு வரவேற்ற கைகளே ஒன்றை எதிர்த்து ஒன்று படைக்கலம் ஏந்தின. நல்லவர்க்கும் தீயவர்க்கும் இடையேதான் போர் நிகழும் என்று நம்பும் இளம்பிள்ளைக்கு இவ்வுண்மை வியப்பளிக்கும். அவ்வியப்பினின்றே சிந்தனை பிறக்கின்றது.

கொல்லிமலையைக் கண்டு வளரும் பிள்ளை ஓரியைத் தன்னவன் என்று கொள்ளும். திருக்கோவலூர்ப் பிள்ளை காரியைத் தன்னவன் என்று கொள்ளும். இஃது இயல்பே. ஆயினும் ஒவ்வோர் ஊரும் தன் மன்னன் கதையை மட்டும் கற்பிக்குமாயின், முடிந்துபோன பகை பாடநூலில் மீண்டும் உயிர்பெறும். இருவர் கதையையும் இரு பிள்ளைகளும் அறிதல் வேண்டும்.

போருக்கு நடுவிலும் அன்பும் அறிவும் அழியாது நின்றதைக் காட்டுதலும் இன்றியமையாதது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் என்னும் பெண்பாற் புலவர். தகடூரை அழித்த அச்சேரமன்னனே, தன் முரசு கட்டிலில் அறியாது ஏறித் துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாமல், அவர் விழிக்கும்வரை கவரி வீசி நின்றான். திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டு ஒரு பழந்தமிழ்க் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடத்தை அது கூறுகின்றது. அப்பெயருடைய மன்னனின் வெற்றியைப் பாட்டு சொல்கின்றது. அவன் கொடையைக் கல் சொல்கின்றது.

மன்னர்களோடு வரலாறு முடிவதில்லை. தருமபுரி, சேலம் பகுதிகளில் காணப்படும் நடுகற்கள் பல, ஆநிரை மீட்கும் பூசலில் மாண்ட ஊர் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. வயலோரத்தில் நிற்கும் அத்தகைய கல் ஒன்றின் முன் பிள்ளைகளை நிறுத்தி, அவன் வீட்டார் அக்கல்லை எத்தகைய துயரோடு நட்டிருப்பர் என்று கூறினால், போரின் விலை அவர்களுக்கு விளங்கும்.

கலிங்கப் போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும் ஒன்றரை இலட்சம் பேர் நாட்டை விட்டுக் கொண்டு செல்லப்பட்டனர் என்றும் அசோகர் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் வருந்திப் பொறித்தார். ஆயினும் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அவ்வாணை இடம்பெறவில்லை. வென்றவன் வருந்திய போதும், தோற்ற மண்ணில் அதனைப் பொறிக்கவில்லை. சொல்லப்பட்டது எது, சொல்லாது விடப்பட்டது எது என்று ஆராயும் பழக்கத்தைப் பிள்ளைகள் இத்தகைய சான்றுகளால் பெறுவர்.

தம்மம்பட்டிச் சிற்பி, மரத்தின் இழை ஓடும் திசையறிந்தே உளியை வைக்கின்றார். திசையறியாது வைத்த உளி மரத்தைப் பிளந்துவிடும். சிறுவர் உள்ளமும் அத்தகையதே. அச்சமூட்டிப் பிளத்தலும் தவறு. செதுக்காமலே விட்டுவிடுதலும் தவறு. வயதறிந்து, உண்மையறிந்து, இருபுறமும் நோக்கிக் கற்பிக்கும் ஆசிரியரின் மாணவர், கொல்லிமலையைக் காணுந்தோறும் ஓரியின் வில்லோடு, காரி புகுந்த அத்தெருவின் துயரையும் நினைப்பர். அந்நினைவே எதிர்காலப் போர்களைத் தடுக்கும் முதல் அரண் ஆகும்.