வரி கட்டியாச்சு, கரன்ட் வந்தாச்சு... மலையடி வீடு பாதுகாப்பானதா?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதே மழை கண்டாச்சிபுரம் தாண்டி மேற்கே திருவண்ணாமலையையும் விடவில்லை. டிசம்பர் 1 மாலை, அண்ணாமலையார் மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர்.

மலை ஏன் சரிகிறது?

கனமழையில் பாறைக்கு மேல் இருக்கும் மண் நீரை உறிஞ்சி எடை கூடுகிறது, பிடிமானம் தளர்கிறது. அந்த மண்ணை நம்பி நிற்கும் பாறைகளும் உருளத் தொடங்குகின்றன. வீடு கட்டச் சரிவை வெட்டுவதும், ஓடைகளை அடைப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

அங்கே போய் ஏன் வீடு கட்டுகிறார்கள்?

கோயிலும் கிரிவலமும்தான் திருவண்ணாமலையின் பொருளாதாரம். 2024-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. ஊருக்குள் மனை விலை எட்டாதவர்கள் ஓரத்துக்குப் போகிறார்கள். பூக்கடை, டீக்கடை, ஆட்டோ என்று பிழைப்பவர்களுக்கு வேலைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும்.

‘வரி கட்றோம், கரன்ட் இருக்கு. அப்புறம் என்ன?’

பலரும் கேட்கும் கேள்வி இது. மின்சாரச் சட்டம் 2003-ன்படி, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாம். வீட்டு வரி ரசீதும் நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது. அரசு நிலத்தில் இருப்பவர்களுக்கு வரும் ‘பி-மெமோ’வை, என்றாவது பட்டா கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஆக்கிரமிப்புக்கான நோட்டீஸ்.

ரோடு, குழாய், தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாக வரும்போது, ‘இனி நம்மை யாரும் அசைக்க முடியாது’ என்று மக்கள் நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையை வளர்ப்பதில் அரசுக்கும் பங்கு உண்டு.

காலி செய்தால் போதுமா?

போதாது. ஊருக்கு வெளியே பல கி.மீ. தள்ளி வீடு கொடுத்தால் பிழைப்பு போய்விடும். பலர் திரும்பி வந்துவிடுவார்கள். எந்தத் தெரு ஆபத்தானது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மாற்று இடம் தருவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அந்த ஆண்டு தீபத் திருநாளில், நிபுணர்களின் ஆய்வுக்குப் பிறகு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஒரு நாள் ஏறுகிறவர்களுக்குக் காட்டும் அந்த அக்கறை, 365 நாளும் அடிவாரத்தில் தூங்குகிறவர்களுக்கும் வேண்டும்.

மனை வாங்குகிறீர்களா?

* ‘அ-பதிவேடு’ பாருங்கள். பட்டா நிலமா, புறம்போக்கா, ஓடையா என்பது தெரியும்.
* வில்லங்கச் சான்று, புல வரைபடம், லேஅவுட் அப்ரூவல் மூன்றையும் சரிபாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட அங்கீகாரமற்ற மனைகள், 2017 வரன்முறைத் திட்டத்தில் வராது.
* மழை நாளில் ஒருமுறை நேரில் போய், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள்.

நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். மேலே நிற்கும் பாறையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.