என் அடுப்பு, மாமியின் ஜன்னல்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டினால் உள்ளே பிரியும் சந்துகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மொட்டைமாடியில் பன்றிக்கறி சுடுவேன். சீனர்கள் ‘சார் சியூ’ என்று சொல்லும் பக்குவம். இந்த ஊரில் இருந்துகொண்டு இதை வெளியே சொல்லலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

சிங்கப்பூர் ஜூராங்கில் கப்பல் பட்டறையில் 11 வருடம் வெல்டர் வேலை. சம்பள வாரத்து ஞாயிறு மதியம் உணவங்காடிக்குப் போவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கியில் செக்கச்சிவந்து தொங்கும் கறியைக் கடைக்காரர் கனத்த கத்தியால் நறுக்கிச் சோற்றின் மேல் அடுக்கித் தருவார். அந்தக் கண்டோனியப் பெயருக்குக் கவைக்கோலில் சுட்டது என்று அர்த்தமாம். எங்கள் போர்மேன், மலேசியச் சீனர், சொன்னார். செய்முறையும் அவரிடம் கேட்டதுதான்.

அதற்கு வேண்டியதில் பாதிக்குமேல் நம் வீட்டிலேயே இருக்கிறது என்று ஊருக்கு வந்தபின்தான் தெரிந்தது. சீனர்களின் ஐந்து மசாலாத் தூளில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நான்கும் நம் பிரியாணிச் சாமான். ஐந்தாவது சிச்சுவான் மிளகு. அதற்குப் பதில் நம் மிளகு. நாக்கு மரத்துப்போகும் அந்தக் குறுகுறுப்பு வராது, மற்றபடி குறையில்லை. தோள்பட்டைப் பக்கத்து வெண்பன்றிக்கறி 1 கிலோ, கொழுப்பு ஊடே ஓடியதாக வாங்க வேண்டும். இரண்டு விரல் கனத்தில் நீளவாக்கில் வெட்டி, சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 3, தட்டிய பூண்டு, மசாலாத் தூள் 1 தேக்கரண்டி போட்டுப் பிசறி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பேன். கடைச் சிவப்பு, புளிக்கவைத்த சிவப்புச் சோயாக்கட்டியிலிருந்தோ கலர்ப் பொடியிலிருந்தோ வருவது. நான் செய்வது பழுப்பாகத்தான் வரும்.

காலையில் தேங்காய்த் தொட்டிக் கரி கனிந்ததும், கம்பியில் கோத்து முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்றால் நாடாப்புழு ஆபத்து. கத்தியை நடுவில் இறக்கினால் சாறு தெளிவாக வர வேண்டும். தேன் தடவுவது கடைசிப் பத்து நிமிடம்தான்.

முதல் தடவை அது தெரியாமல் ஜவ்வாது மலைத் தேனை ஆரம்பத்திலேயே தாராளமாகத் தடவிவிட்டேன். சொட்டிய தேன் நெருப்பில் கருகி, கரும்புகை நேராக எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போனது. மாமி எட்டிப் பார்த்து, “என்னப்பா, டயர் எரிக்கறியா?” என்றார். ரமண பகவானுக்காகவே சென்னையை விட்டு வந்து இருபது வருடமாக இங்கே இருப்பவர். பொய் சொல்ல வாய் வரவில்லை. பன்றிக்கறி என்றேன். முகம் மாறியது.

பதற்றத்தில் கண்ணப்ப நாயனாரைத் துணைக்கு இழுத்தேன். “பெரியபுராணத்துல அவரும் பன்றிக்கறியைக் கோல்ல கோத்துத்தான் சுட்டார் மாமி. மறுநாள் தேனும் கலந்து, தித்திக்கும்னு சொல்லித்தான் காளத்தியப்பருக்கு ஊட்டினார்.” மாமி அசரவில்லை. “அவர் பொன்முகலி ஆத்தங்கரையில சுட்டார்ப்பா. என் ஜன்னலுக்குக் கீழ சுடலையே!”

அவர் கேட்டது நியாயம். நான் என்ன தின்கிறேன் என்று அவர் வழக்காடவில்லை; புகை எங்கே போகிறது என்று கேட்டார். அடுப்பை மாடியின் மேற்கு மூலைக்கு மாற்றினேன். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் பற்றவைப்பதில்லை. சுடும் நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மாமி ஒரு மணி நேரம் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

ஆனால் இந்தப் பக்கம் நான் வாடகைக்கு வீடு தேடியபோது நடந்தது வேறு. அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, “நீங்க சைவம்தானே?” என்று கேட்டு, இல்லை என்றதும் கதவைச் சாத்தினார் ஒருவர். அங்கே அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்.என். ரவி இங்கே வந்து கிரிவலப் பாதை அசைவக் கடைகளைப் பற்றிப் பேசியபோதும் ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பவர் முகத்தில் கறிப்புகை அடிக்க வேண்டாம் என்றால் எனக்கும் சம்மதம். அதைச் சாக்கிட்டு அடுத்தவன் சமையல்கட்டை மோப்பம் பிடிக்கக் கூடாது. ‘நான் யார்’ நூலில் ரமணர் மித சாத்விக உணவைச் சொல்லியிருக்கிறார், உண்மை. தேடுகிறவன் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் நியமம் அது. வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கும் ஷரத்து இல்லை.

எங்கள் சாலை போய்ச் சேரும் செங்கம், மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். அவனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு அந்தப் பாட்டு வழி சொல்கிறது: பாதையில் விழுந்து கிடக்கும் காட்டுப்பன்றியைக் கண்டால், மூங்கில் உரசிப் பிடித்த தீயில், புகை நாற்றம் ஏறாமல் மயிரைப் பொசுக்கித் தின்னுங்கள், சுனைநீர் குடியுங்கள், மிச்சத்தைப் பொதி கட்டிக்கொள்ளுங்கள். தின்னலாமா என்ற கேள்வியே அதில் இல்லை. புகையைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் இருக்கிறது. மாமி சொன்னதும் அதுதானே.

போன ஞாயிறு கரி மூட்டையோடு மாடி ஏறும்போது எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “எத்தனை மணிக்குச் சாத்தணும்?”

“பதினொன்றரைக்கு மாமி” என்றேன்.