குடம் சுமந்த தோள்கள்

வெள்ளிக்கிழமைகளில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்கச் செல்லும் மூதாட்டியர் பலர். சந்நிதியில் மண்டியிட்டு வணங்கியபின், எழுவதற்கு அருகிலிருப்பவரின் கையைத் தேடுவோரும் அவர்களுள் உண்டு. எடை தூக்கிப் பழகுமாறு மருத்துவர் கூறினால், “பெண்ணுக்கு ஆண்பிள்ளைபோல் தோள் திரண்டுவிடாதா?” என்ற அச்சம் வீட்டில் எழுகிறது.

அதற்கு வண்ணாரப்பேட்டையே விடை சொல்லும். அடிபம்பிலும் தண்ணீர் லாரியிலும் குடம் நிரப்பி, இடுப்பில் ஏந்தி மாடிப்படி ஏறியவர்கள் இவ்வூர்ப் பெண்கள். 15 லிட்டர் நீர் என்பது 15 கிலோ எடை. அதனால் எவருடைய பெண்மையும் குறைந்ததில்லை.

தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவாகவே சுரக்கிறது. ஆதலால் மிதமான பயிற்சியால் வலுக் கூடுமேயன்றி உடல் பருத்துத் திரளாது. அஞ்ச வேண்டியது வேறொன்று. மாதவிலக்கு நின்றபின் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. வயது ஏறத் தசையும் தேய்கிறது. அந்நிலையில் ஒருமுறை தவறி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியலாம். எடைப்பயிற்சி இத்தேய்வைத் தணிக்கும்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், இருமுறைத் தூக்கலில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியும் மணமான பெண்மணியே. முதியோருக்கு அத்தனை எடை வேண்டாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்வதும், அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை மூச்சடக்காமல் உயர்த்தி இறக்குவதும் தொடக்கத்திற்குப் போதும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

அம்பிகையைச் சக்தி என்றே அழைப்பது மரபு. அச்சக்தியை வணங்கி எழ, முழங்காலிலும் சிறிது சக்தி வேண்டும்.